குளத்தில் இறங்கிய விருந்தாளி: படமாகாத ஒரு திரைக்கதையை வரி வரியாக வாசித்தல்

கோட்டையூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். வங்கத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே 1967இல் எழுதி, இறுதிவரை படமாகாமலே போன ‘தி ஏலியன்’ திரைக்கதையை, காரைக்குடியில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் கூடி வரி வரியாகப் படித்து வருகிறோம். ஐந்து ஞாயிறுகள் கழிந்தும் பாதியைத்தான் தாண்டியிருக்கிறோம். எடுக்காத படத்தைப் பற்றி இவ்வளவு பேசி என்ன கிடைக்கப் போகிறது என்று எங்கள் வீடுகளிலேயே கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லிப் பார்க்கவும், எங்களுக்குள் தீராமல் நிற்கும் ஒரு வாதத்தை உங்கள் முன் வைக்கவும் இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் இரவில் ஒரு விண்கலம் இறங்குகிறது. நீருக்கு மேலே தெரியும் அதன் முனையைப் பார்த்த ஊரார், மண்ணுக்குள்ளிருந்து எழுந்த கோயில் என்று எண்ணி வழிபடத் தொடங்குகிறார்கள். கலத்தில் வந்த உயிர், ஹாபா என்ற ஏழைச் சிறுவனின் கனவில் புகுந்து அவனோடு விளையாடுகிறது. அந்தப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்ட வந்த டெவ்லின் என்ற அமெரிக்கப் பொறியாளர், பஜோரியா என்ற மார்வாரி வணிகர், கல்கத்தாவிலிருந்து வந்த மோகன் என்ற பத்திரிகையாளர் ஆகிய மூவரும் அந்தக் குளத்தை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் ஊக்கத்தாலும், அவருடைய நண்பர் மைக் வில்சனின் முயற்சியாலும் ஹாலிவுட்டின் கொலம்பியா பட நிறுவனம் இதில் ஆர்வம் காட்டியது. பஜோரியாவாக நடிக்க ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முதலில் இசைந்து, பிறகு விலகினார். படம் நின்றுபோனது. திரைக்கதையும் அது தொடர்பான கடிதங்களும் 2018இல் நூலாக வெளிவந்தன.

இதற்கு விதையான சிறுகதையை ரே 1962இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் எழுதினார். அதில் வேற்றுக் கோள்வாசி சந்திப்பது, ஊர்ப் பெரியவர்களின் மாலைக் கூட்டத்தில் தினமும் கேலிக்கு ஆளாகும் பங்குபாபு என்ற பள்ளி ஆசிரியரை. அந்த விருந்தாளி நன்றாகப் பேசுகிறது. துருவப் பகுதியையும் அமேசான் காட்டையும் ஆசிரியருக்குக் காட்டுகிறது. அந்த ஒரு சந்திப்பினால் தன்மதிப்புப் பெற்ற ஆசிரியர், கேலி செய்தவர்களை நேருக்கு நேர் கேட்டுவிட்டு வெளியேறுகிறார். ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரைக்கதையாகும்போது ஆசிரியர் போய், ஊரில் யாரும் பொருட்படுத்தாத சிறுவன் வருகிறான். பேச்சுப் போய்க் கனவு வருகிறது. ‘ஹாபா’ என்பது வங்க வழக்கில் மந்தமானவன் என்று பொருள்படும் சொல். கேலிக்கு ஆளானவனிடமிருந்து, கேலி செய்யக்கூட ஆளில்லாதவனிடம் கதை இறங்கி வந்திருக்கிறது.

இனி எங்களை இரண்டு ஞாயிறு நிறுத்திவைத்த வரிக்கு வருகிறேன். அந்த உயிர் முதன்முதலில் தோன்றும் இடத்தில், இருளில் அது ஒரு குள்ளப் பூதத்துக்கும் பட்டினி கிடந்த அகதிக் குழந்தைக்கும் இடைப்பட்டதாகத் தெரிகிறது என்று ரே எழுதுகிறார். பெரிய தலை, குச்சி போன்ற கைகால்கள், ஒட்டிய உடல். ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை என்றும், அந்த உருவத்தில் வெளிப்படுவது ஒரு வகைக் களங்கமின்மை என்றும் அடுத்து வருகிறது.

‘குள்ளப் பூதம்’ எந்தக் குழந்தைக் கதையிலும் கிடைக்கும். ‘பட்டினி கிடந்த அகதிக் குழந்தை’ அப்படிக் கிடைக்காது. அது கல்கத்தாவின் நடைபாதையிலிருந்து வந்த சொல். 1943இல்தான் ரே அந்நகரத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் வங்கப் பஞ்சம். நான்கு ஆண்டுகளில் பிரிவினையும் வந்து, கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களால் ரயில் நிலையங்கள் நிறைந்தன. ஹாலிவுட் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட ஒரு வேடிக்கைக் கதையில், விண்ணிலிருந்து வரும் விருந்தாளிக்கு ரே கொடுத்த உடல் பஞ்சத்தில் அடிபட்ட குழந்தையின் உடல் என்பதை, படம் எடுக்கப்பட்டிருந்தால் நாம் இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்போமா என்பது ஐயம். திரையில் பெரிய தலையும் மெலிந்த கைகளும்தான் தெரிந்திருக்கும். ‘அகதி’ என்ற சொல் தெரிந்திருக்காது.

அந்த உயிர் ஊரில் செய்யும் காரியங்களை இந்த உடலோடு சேர்த்துப் பாருங்கள். ஒருவனுடைய வயலில் பயிர் ஒரே இரவில் முற்றி நிற்கிறது. ஊரிலேயே கருமியான ஒருவனின் மாமரம் பருவம் தப்பிக் காய்க்கிறது. சிதையில் கிடத்திய கிழவர், பேரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் திறக்கிறார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இவற்றை வெறும் குறும்பு என்கிறார்கள். மீதிப் பேர், பட்டினி உடல் கொண்ட ஒன்று முதலில் செய்யும் வேலை நெல்லை விளைவிப்பதாக இருக்கும்போது அதைக் குறும்பு என்று தள்ளிவிட முடியாது என்கிறார்கள். நான் இரண்டாம் அணி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் இரவு ஆட்டம்

நல்ல தொடக்கம். ஆனால் இந்தத் திரைக்கதை என்றாலே எல்லோரும் பேசுவது, 1982இல் வந்த ‘ஈ.டி.’ என்ற ஹாலிவுட் படம் இதிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதைத்தானே? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

கோட்டையூர் வாசகர்

வேண்டுமென்றேதான் விட்டேன், தம்பி. அந்த வழக்கில் நாம் நீதிபதியாக உட்கார்ந்தால் இரண்டு பிரதிகளிலும் ஒற்றுமைகளை மட்டும் தேடிக்கொண்டிருப்போம். ஒற்றுமை தேடுகிற கண்ணுக்கு ‘அகதி’ என்ற சொல் படாது, ஏனென்றால் அது இன்னொரு படத்தில் இல்லை.

கிளாப் பலகை

நான் சென்னையில் ஏழு ஆண்டுகளாக உதவி இயக்குநராகப் பணியாற்றுகிறேன். சொந்த ஊர் கானாடுகாத்தான். தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திரைக்கதை என்பது படம் அன்று, படத்துக்கான வேலைத்தாள். படப்பிடிப்பில் வெயில் சாய்ந்தால் காட்சி மாறும், நடிகர் ஒரு நொடி தயங்கினால் வசனம் போகும், படத்தொகுப்பு மேசையில் மூன்று பக்கங்கள் காணாமல் போகும். எங்கள் கையில் புழங்கும் பிரதிகளில் கடைசியில் திரைக்கு வருவது எவ்வளவு என்பது எங்களுக்குத்தான் தெரியும். ரேயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’க்கே முறையான முழுத் திரைக்கதை இருந்ததில்லை. தூரிகையால் வரைந்த படங்களும் குறிப்புகளும்தான் இருந்தன. அப்படிப் பணியாற்றிய ஒருவரை, தட்டச்சுத் தாளில் உள்ள ஓர் உவமையை வைத்து எடைபோடுவது முறையா?

இன்னொன்றும் உண்டு. 1940களின் இறுதியில் தாகூரின் ‘கரே பாய்ரே’ நாவலுக்கு ரே ஒரு திரைக்கதை எழுதினார். தயாரிப்பாளர் கேட்ட மாற்றங்களுக்கு இணங்காததால் அது நின்றுபோனது. ஆண்டுகள் பல கழிந்து அதை எடுத்துப் படித்தபோது, அது மேலோட்டமாகவும் ஹாலிவுட் பாணியிலும் இருந்ததை உணர்ந்து, படமாகாமல் போனது நல்லதே என்று அவரே கருதினார். 1984இல் அந்த நாவலைப் படமாக்கியபோது புதிதாகத்தான் எழுதினார். எழுதியவரே தள்ளிவைக்கக்கூடிய பிரதிகளை நாம் வேதம்போல ஓதுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

கோட்டையூர் வாசகர்

மறுப்பில் உள்ள நியாயத்தை ஏற்றுக்கொண்டே பதில் சொல்கிறேன். இப்பிரதியிலிருந்து ஒரு படத்தைக் கற்பனை செய்து, அதற்கு மதிப்பெண் போடும் வேலையை நாங்கள் செய்யவில்லை. வராத படம் எப்படி இருந்திருக்கும் என்பது கிளி சோதிடம். எங்கள் கேள்வி வேறு: வந்த படங்களை இப்பிரதி எந்த வெளிச்சத்தில் காட்டுகிறது?

நீங்கள் சொன்ன ‘கரே பாய்ரே’ எடுத்துக்காட்டே எங்கள் பக்கம்தான் சாய்கிறது. ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன்னால் ரே எதைத் திரைக்கதை என்று நினைத்திருந்தார், எதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் படத்துச் சிறுவன் அபுவின் கிராமத்துக்குப் போனார் என்பதை, அவரே நாணிய அந்த முதல் பிரதியைத் தவிர வேறெது சொல்லும்? எழுதியவர் தள்ளிவைத்தார் என்பதே படிப்பதற்கு ஒரு காரணம்.

வேதம் ஓதுவதாகச் சொன்னது சற்று உறுத்தியது. நாங்கள் செய்வது ஓதுவது அன்று, உரை காண்பது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, ஒரு பாடலை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பேசுவது இவ்வூருக்குப் பழகிய காரியம். ‘இங்கே இந்தச் சொல் ஏன், வேறு சொல் ஏன் இல்லை’ என்று கேட்கும் அந்தப் பழக்கத்தைத்தான் திரைக்கதைக்கும் கொண்டுவந்திருக்கிறோம்.

வளவு

சற்றுத் தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூலை வரவழைத்து முழுவதையும் படித்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்துக்குக் காரணம் பஜோரியா. குளத்தில் மூழ்கிய கோயில் எழுந்துவிட்டது என்று நம்பும் அந்த வணிகர், நீரை இறைத்துவிட்டுத் தரையெல்லாம் சலவைக்கல் பாவி, அதைப் புனிதத் தலமாக்கி, ஒரு கல்லையும் பதிக்கத் திட்டமிடுகிறார். மீட்டுப் புதுப்பித்தவர் ககன்லால் லக்ஷ்மிகாந்த் பஜோரியா என்று அக்கல்லில் பொறிக்க வேண்டுமாம். நான் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பெண். எங்கள் முன்னோர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன இடங்களிலிருந்து கொண்டுவந்த பொருளில் எத்தனையோ கோயில்களுக்குத் திருப்பணி செய்திருக்கிறார்கள். எங்கள் குலப்பிரிவுகளுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களுக்கும் நடந்த திருப்பணிகளை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. ‘உபயம்’ என்று தொடங்கும் கல்லைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வணிகன் கோயில் கட்டினால் அது பெயருக்காகத்தான் என்று ஒரு பெரிய கலைஞரும் எழுதிவிட்டாரே என்று வருந்தினேன். செல்லர்ஸ் நடிக்கப்போகும் பாத்திரம் என்பதால், அவருடைய குரலுக்கும் சேட்டைக்கும் ஏற்ப இதை ஊதிப் பெரிதாக்கியிருப்பதாகவும் தோன்றியது. இப்போதும் அதில் ஓரளவு உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். ‘கஞ்சன்ஜங்கா’ படத்தில் வரும் செல்வந்தரிடம் ரே காட்டிய பொறுமையை இவரிடம் காட்டவில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன உரை காணும் முறையில் அந்தக் கல்லெழுத்தை மறுபடி படித்தேன். ‘மீட்டு’ என்று நான் தமிழில் சொன்ன இடத்தில் ரே போட்டிருக்கும் ஆங்கிலச் சொல், கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து சரக்கை எடுப்பதைக் குறிக்க வணிகர்கள் வழங்கும் சொல். கோயில் எழுந்தருளியது என்று அவருக்குத் தோன்றவில்லை. கைவிட்டுப்போன சரக்கு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அடுத்து, அக்கல்லில் வேலையைச் சொல்ல இரண்டே சொற்கள், அவர் பெயருக்கு மூன்று. தெய்வத்தின் பெயர் அதில் இல்லவே இல்லை. நம் ஊர்க் கல்வெட்டில் முதலில் சுழியும் சாமி பெயரும் வந்து, உபயதாரர் பெயர் கடைசியில்தான் வரும்.

இன்னொரு வேறுபாடு, அது என் கோபத்தையே திருப்பிப் போட்டது. செட்டிநாட்டில் கோயில் கட்டியவர்கள் பக்கத்தில் ஊருணியும் வெட்டினார்கள். மழை பொய்க்கும் பூமி இது. வளவின் நடுவில் விழும் மழைநீரைக்கூட அண்டாவில் பிடித்துவைக்கும் வீடுகள் எங்களுடையவை. குளத்தை வற்றவைத்துவிட்டுக் கோயில் எழுப்புபவனை எங்கள் ஊரில் ஒருவரும் தர்மவான் என்று சொல்ல மாட்டார்கள். ரே பழித்தது கோயில் கட்டும் வணிகனை அன்று, நீரை இறைத்துக் கல்லைப் பாவுபவனை. அதே கதையில் இன்னொருவன் நிலத்தைத் துளைத்து நீர் தேடிக்கொண்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துப் படித்தால், ரே இதை எவ்வளவு யோசித்து அமைத்திருக்கிறார் என்பது புரிகிறது.

ஊருணிக்கரை

ஆச்சி சொன்ன குளத்தையே நானும் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் ரேயின் முதல் படத்தின் முடிவும் ஒரு குளத்தில்தான் இருக்கிறது.

‘பதேர் பாஞ்சாலி’யில் அக்கா துர்கா இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது, அவள் திருடவில்லை என்று சாதித்த பாசிமாலையை அபு கண்டெடுக்கிறான். யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்க் குளத்தில் வீசுகிறான். மாலை விழுந்த இடத்தில் நீர்ப்பாசி விலகி, ஒரு கறுத்த வட்டம் தெரிந்து, பிறகு பாசி மெல்ல மெல்லக் கூடி வட்டத்தை மூடிவிடுகிறது. வசனம் கிடையாது. அக்காளின் குற்றத்தை ஊரிலிருந்து மறைக்கும் வேலையைத் தம்பியிடமிருந்து குளம் வாங்கிக்கொள்கிறது.

1967இல் எழுதிய திரைக்கதையில் அது தலைகீழாக நடக்கிறது. குளம் எதையும் மூடவில்லை. உள்ளே இருப்பதன் முனையை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறது. முன்னதில் சிறுவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த உண்மை நீருக்குள் போகிறது. பின்னதில் நீருக்குள் இருப்பதன் உண்மை சிறுவன் ஒருவனுக்கு மட்டும் தெரிகிறது, ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பொய். இரண்டிலும் பெரியவர்களுக்கு அந்தக் குளம் பிடிபடவில்லை. இந்தத் தொடர்ச்சியை நான் திரைக்கதையைப் படித்த பிறகுதான் கண்டேன். ‘பதேர் பாஞ்சாலி’யைப் பத்து முறைக்கு மேல் பார்த்தவன் நான்.

சிறுவயதில் எங்கள் ஊர் ஊருணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து நீர்ப்பூச்சிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் படத்தில் ரவிசங்கரின் சிதார் ஒலிக்க அதே பூச்சிகள் ஓடும் காட்சி வரும்போதெல்லாம் மற்றக் கதையே மறந்துவிடும். குளத்தை அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்த ஒருவர்தான் அதற்குள் ஒரு கலத்தை இறக்க நினைப்பார்.

பேரேடு

வங்கியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். சினிமா இலக்கணம் தெரியாது. ஆனால் கணக்குப் புத்தகம் பற்றி ஒரு செய்தி சொல்ல முடியும், அது இந்த விவாதத்துக்கு வேண்டியது என்று நினைக்கிறேன்.

ரே தம் படங்களுக்கான குறிப்புகளை எழுதியது ‘கேரோர் காதா’ என்று வங்காளத்தில் வழங்கும் சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டுகளில். அவை வணிகர்கள் கணக்கெழுதும் நோட்டுகள். நம் பக்கத்துப் பேரேட்டுக்கு உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். காட்சியின் சட்டகம், பாத்திரத்தின் உடை, வசனம், இசைக்குறிப்பு எல்லாமே அதில்தான் ஏறின.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அவர் எழுதிய ஐந்தொகை (வரவு செலவு நிலுவைக் கணக்கு) ஒன்று இன்னமும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. உச்சியில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் வரவும் பற்றும். ஒரு பக்கம் முழுவதும் தேடினாலும் ‘நல்ல’, ‘பெரிய’ என்ற அடைமொழி ஒன்று கிடைக்காது. தனக்காகவும் தன் கடை ஆட்களுக்காகவும் எழுதுபவனுக்கு அடைமொழி தேவையில்லை. ரேயின் சிவப்பு நோட்டுகளிலும் அதுபோலச் சிக்கனம்தான். பக்கத்தில் படம் வரைந்துவிட்டால் பிறகு எதற்கு வருணனை?

‘தி ஏலியன்’ அப்படிப்பட்ட நோட்டாக நமக்கு வந்து சேரவில்லை. ஆங்கிலத்தில் தட்டச்சாகி, படியெடுக்கப்பட்டு, கடல் கடந்து முன்பின் அறியாதவர்கள் கையில் சுற்றிய பிரதி அது. அந்தப் படிகளின் முகப்பில் உரிமையாளராகத் தம் பெயரோடு வில்சனின் பெயரும் இருந்ததைக் கண்டு திடுக்கிட்டதாக ரே 1980இல் எழுதினார். ஆகவே கிளாப் பலகை தம்பி சொல்வதும் கோட்டையூரார் சொல்வதும் ஓரிடத்தில் சேர்கின்றன. இதில் வருணனை மிகுதியாக இருப்பதற்குக் காரணம், இது விற்பனைக்கு எழுதப்பட்ட தாள். ‘அகதிக் குழந்தை’ என்ற உவமை கொலம்பியாக்காரர்களுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் விற்க வேண்டிய நேரத்தில் ஒருவன் கை தானாக எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதைப் பார்த்தால், அவன் கடையில் என்ன சரக்கு நிறைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கிளாப் பலகை

ஐயா சொன்ன கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். என் மறுப்பை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: திரைக்கதையிலிருந்து படத்தை ஊகிக்காதீர்கள். கையை ஊகிக்கலாம்.

அழகப்பா பழைய மாணவன்

நம் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்க, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 1958இல் காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்திருந்தார். அவர் முன்னிலையிலேயே, தமிழ்ப் படங்களில் வாழ்க்கை இல்லை என்று ஒரு மாணவர் துணிந்து பேசினார். இளையான்குடியில் பிறந்த அந்த மாணவர்தான் பின்னாளில் இயக்குநர் மகேந்திரன். கோபப்படுவதற்குப் பதிலாக அவரைப் பாராட்டிய எம்.ஜி.ஆர்., பிறகு சென்னையில் அவரிடம் ஒப்படைத்த வேலை, ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதுவது. அந்தப் படம் எடுக்கப்படவில்லை.

மகேந்திரன் தொழிலுக்குள் நுழைந்த வாசல் ஒரு படமாகாத திரைக்கதை என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட, பாத்திரங்கள் ஓயாமல் பேசும் நாவலைத் திரைக்குள் அடக்க முயன்ற இளைஞர், தாமே இயக்கத் தொடங்கியபோது நேர் எதிர்த் திசையில் போனார். ‘உதிரிப்பூக்க’ளுக்கு அவர் எடுத்துக்கொண்டது புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்ற சிறிய கதை. படத்தில் பேச்சைவிட முகங்களும் ஆற்றங்கரையும் அதிகம் பேசுகின்றன. இடையில் ‘தங்கப்பதக்கம்’ போன்ற வசனம் நிறைந்த வெற்றிப் படத்தையும் எழுதியவர் அவர்தான் என்பதால், இந்த மௌனம் வசனம் எழுதத் தெரியாதவரின் மௌனம் இல்லை. பிற்காலத்தில் அவர் மீண்டும் இந்த வட்டாரத்துக்கே வந்து, நகரத்தார் குடும்பத்தின் சுவீகாரத்தை வைத்து ‘சாசன’த்தை எடுத்தார்.

பள்ளத்தூர் இரவு ஆட்டம்

இதைப் படித்ததும் தேவகோட்டை ரஸ்தா நினைவுக்கு வந்தது. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ உருவான ஏ.வி.எம்.மின் படப்பிடிப்புக் கொட்டகை அங்கேதான் இருந்தது என்று அப்பச்சி காட்டுவார். இன்று பார்க்க ஒன்றுமில்லை. படம் இருக்கிறது, கொட்டகை போய்விட்டது. ரேயின் விஷயத்தில் கொட்டகையே போடவில்லை, தாள் மட்டும் இருக்கிறது. தாளைப் பத்திரப்படுத்துவதில் கோட்டையூருக்குத் தனிப் பெருமை உண்டே. ரோஜா முத்தையா பழைய நாடக நோட்டீசையும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் வேண்டாத குப்பை என்று ஒதுக்காமல் சேர்த்து வைத்ததால்தானே அவை இன்று சென்னையில் ஒரு நூலகமாக நிற்கின்றன. கோட்டையூர் அண்ணன் இந்தத் தாளை விடாமல் பிடித்திருப்பதற்கும் அதுதான் காரணம் போலும்.

ஒரு கேள்வி. நெல் விளைவிப்பது குறும்பா கொடையா என்ற வாதம் அப்படியே நிற்கிறதே?

கோட்டையூர் வாசகர்

அதற்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. ‘தி ஏலியன்’ கைநழுவிக்கொண்டிருந்த அதே காலத்தில் ரே உருவாக்கிய படம் ‘கூபி கைனே பாகா பைனே’. 1969இல் வெளிவந்தது. அதன் உச்சத்தில், போருக்குக் கிளம்பும் பட்டினிச் சிப்பாய்களின் நடுவே வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. ஆயுதங்களைப் போட்டுவிட்டு அவர்கள் ஓடிப்போய் உண்கிறார்கள். போர் நின்றுவிடுகிறது. குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கும் காட்சி அது. ஆனால் வானத்திலிருந்து வரும் உணவு என்பதை ஒரு முறை எழுதி, படமாக்க முடியாமல் போய், உடனே இன்னொரு படத்தில் அதற்கு இடம் கண்டுபிடித்திருக்கிறார் என்று அறிந்த பிறகு, அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்று கேட்கிறது.

பிறகு 1973இல் ‘அஷானி சங்கேத்’. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் கதை. தொடக்கத்தில், ஆற்றில் குளிக்கும் கதாநாயகி அனங்கா தலைக்கு மேலே வரிசையாகப் பறக்கும் போர் விமானங்களைப் பார்த்து, கொக்குக் கூட்டம்போல எவ்வளவு அழகு என்று மகிழ்கிறாள். வானத்தில் வந்ததை ஊர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கும் இருக்கிறது. ஆனால் இம்முறை வானத்திலிருந்து நெல் வரவில்லை. சுற்றிலும் வயல் பச்சையாகவே இருக்கிறது, அரிசி மட்டும் எங்கோ போய்விடுகிறது. மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்று புரிகிறது. ஒரே இரவில் நெல் முற்றுவதை நான் குறும்பு என்று ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

வளவு

மீதிப் பாதி விடை என்னிடம் இருக்கலாம். சொல்வதற்குச் சில நாள்கள் யோசித்தேன்.

‘அஷானி சங்கே’த்தில் அரிசி எங்கே போயிற்று என்றால், ஒரு பகுதி வரவே இல்லை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. பஞ்சத்தின் காரணங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பர்மா நெல்லுக்குப் பின்னால் இருந்த கடன் பணத்தில் பெரும்பங்கு எங்கள் ஊர்ப் பணம். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் கால்வாசி எங்களவர் கைக்கு வந்தது. அதை இழந்ததைப் பற்றி இன்றும் எங்கள் வீடுகளில் பேசுவோம். அந்த நெல்லை விளைவித்த பர்மிய உழவர்கள் எதை இழந்தார்கள் என்று பேசியதில்லை. அந்த அரிசி போகாததால் எங்கே யார் பட்டினி கிடந்தார்கள் என்றும் பேசியதில்லை. நான் பேசியதில்லை என்று மட்டுமாவது சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தாயைப் பெற்ற ஐயா 1942இல் பதினோரு வயதுப் பையன். கடையில் பெட்டியடியாக (பணப்பெட்டியருகே வேலை பார்ப்பவராக) இருந்த சின்ன ஐயாவோடு பர்மாவிலிருந்து நடந்து, மலை கடந்து, அக்யாபில் படகு பிடித்து, சிட்டகாங் வழியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே ஒரு நகர விடுதியில் தங்கவைத்து ஊருக்கு ரயில் ஏற்றினார்கள். வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) வந்து நின்றபோது அவருடைய ஆத்தாளுக்கே அடையாளம் தெரியவில்லையாம். ‘தலை மட்டும்தான் மிச்சமிருந்தது’ என்று தம் அப்பத்தா சொல்வார்கள் என்று ஐயா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பெரிய தலை, குச்சி போன்ற கைகால்கள், ஒட்டிய உடல். கோட்டையூரார் எடுத்துக்காட்டிய அந்த வரியை நூலில் நேரில் படித்தபோது மேற்கொண்டு போக முடியாமல் வைத்துவிட்டேன். ரே எந்தக் குழந்தையை நினைத்து எழுதினாரோ. அந்நகரத்துக்கு அப்படி வந்து சேர்ந்த குழந்தைகள் பல திசைகளிலிருந்து வந்தவர்கள், எங்கள் வீட்டுக் குழந்தையும் அவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட உடம்போடு வானத்திலிருந்து இறங்கும் ஒன்று, ஏழையின் வயலில் நெல்லை முற்ற வைக்கிறது என்று எழுதியவருக்கு அது விளையாட்டாகவும் இருந்திருக்கலாம். குழந்தையின் விளையாட்டு அது. பசித்த குழந்தைகள் சோறு சமைத்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

வரும் ஞாயிறு காரைக்குடிக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

கோட்டையூர் வாசகர்

வாருங்கள் ஆச்சி. சிதையில் கிழவர் கண் திறக்கும் காட்சியைத் தொடங்குவதாக இருந்தோம். அதைத் தள்ளிவைத்துவிட்டு நெல் வயலுக்கே திரும்பிப் போகிறோம். காலை பத்து மணிக்குத் தொடங்கலாம். பேரேடு ஐயா, முடிந்தால் அந்த ஐந்தொகையையும் எடுத்து வாருங்கள்.

பேரேடு

எடுத்து வருகிறேன். 1941 சித்திரையோடு எழுத்து நின்றுபோன ஏடு அது. மீதிப் பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன.